நாற்பத்தொரு விநாடி

கங்கைகொண்டான் கம்பெனியில்
என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில்
துக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் பதினான்கு.
செத்தார் என்று சொல்லக்கூடாது.
பாஸ்ட் அவே.
தாழையூத்தில் நிற்காமல் போகிற ரயிலைப் போல.

முதல் வாக்கியம்: ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்.
ஸாரி, வண்ணாரப்பேட்டை பஸ்ஸில்
என் காலை மிதித்தவன் சொன்னது.
லாஸ், நான் பி.காம். மூன்று வருஷம் படித்தது.
நிகர நஷ்டத்தை வரவுப் பக்கம் எழுது,
அப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகும்
என்பார் மெர்சிபாய் மிஸ்.
மிஸ்ஸும் இருக்கிறது தாளில், ஒன்பதாவதாக:
யூ மஸ்ட் மிஸ் ஹெர் டெரிப்லி.

பயிற்சிக்கு வந்தவர் சொன்னார்:
ஹார்ட்ஃபெல்ட், மெயிலுக்கு மட்டும்.
கிரீஃப், சாரோ இரண்டையும் போனில் தொடாதீர்கள்,
கஸ்டமர் அழுதுவிடுவார்.
அழுதால் கால் நீளும்.
டெட் என்கிற சொல்
எங்கள் தளத்தில் ஒரே இடத்தில்தான்: டெட் ஏர்.
இரண்டு முனையிலும் பேச்சில்லாத நேரம்.
ஏழு விநாடி தாண்டக்கூடாது.

அப்பாவுக்குப் பதினாறு கழிந்த மறுநாள்
ஷிஃப்டுக்குத் திரும்பினேன்.
நயினார்குளம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கியவர்.
துட்டிக்கு வந்தவர்கள்
ஒரு வாக்கியமும் கொண்டுவரவில்லை.
இரண்டு கையையும் நீட்டினார்கள்.
அண்ணன் தொட்டான்.
வாடகை நாற்காலியில் கொஞ்சநேரம் இருந்தார்கள்,
எழுந்தார்கள்,
வாரேன் என்று சொல்லாமல் போனார்கள்.
துட்டி வீட்டில் அதைச் சொல்லக்கூடாது.
எங்கள் பக்கம் துட்டியை யாரும் சொல்வதில்லை.
கேட்போம்.
துட்டி கேக்கப் போயிருக்காவ என்றால்
போய்ப் பேசாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரவு இரண்டே காலுக்கு ஓஹையோவிலிருந்து
வெண்டல் என்கிறவர்.
மனைவியின் பாலிசி.
ஆவுடைச்செல்வி அங்கே ஏவா.
ஏவா, படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறதே,
அதில் கணவன் என்று போடவா,
கணவனாக இருந்தவன் என்று போடவா?

மூன்றாம் வாக்கியத்தில் விரல் வைத்தேன்.
எடுத்தேன்.
ஏழாவது கொஞ்சம் பக்கத்தில் வந்தது,
அதுவும் இல்லை.
அந்தப் பக்கம் ஒரு ஃபிரிட்ஜ்
உறுமிக்கொண்டிருந்து, நின்றது.
அது நின்ற பிறகுதான்
அந்த வீடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.
கீபோர்டுக்கு மேலே என் இரண்டு கையும்
நீட்டியபடி இருந்ததை
பக்கத்து சீட் ரெஜிலா பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள்.

கணவன் என்றே போடுங்கள் என்றேன் கடைசியில்.
சரி என்றார்.

வெள்ளிக்கிழமை ஆடிட்.
சரவணப்பெருமாள் சார் காதில் மாட்டிக் கேட்டார்.
திரையில் ஒலி மேடுபள்ளமாக ஓடிவந்து
நடுவில் நயினார்குளத்துத் தண்ணீர் மாதிரி
அசையாமல் கிடந்தது.
நாப்பத்தோரு செகண்டு. லைன் கட்டாயிட்டா?
இல்ல சார்.
பின்ன என்னம்மா பண்ணிட்டிருந்த?
துட்டி கேட்டுக்கிட்டிருந்தேன் சார்.

அவருக்கு ஊர் மூலைக்கரைப்பட்டி.
ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.
காரணம் என்கிற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஏதோ அடித்தார்,
அழித்தார்.
திரும்ப அடித்தார், அழித்தார்.
கடைசியில்
சிஸ்டம் இஷ்யூ என்று போட்டுவிட்டு
மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஏசி அதிகம் அங்கே.

முடிவில் ஹாவ் எ வொண்டர்ஃபுல் டே சொல்லாததற்கு
இரண்டு மார்க் போனது போனதுதான்.
அதற்கு அவரிடம் காரணம் இல்லை.

வெண்டலும்
வைக்கும்போது எதுவும் சொல்லவில்லை.